பதினேழு பங்குக்காரி

ஒரு காலத்தில் ஒரு மில்லே என்னை 'அக்கா' என்று கூப்பிட்டது. உஸ்பெக் மொழியில் அண்ணனைக் குறிக்கும் சொல் என் கோயம்புத்தூர்க் காதில் அப்படித்தான் விழுந்தது. முதல் நாள் காலையில் நூற்பு ஹாலுக்குள் நுழைந்ததும் பெண்கள் வரிசையாகத் திரும்பி 'அக்கா, அக்கா' என்றபோது, என்னை அறியாமல் மீசையைத் தடவிப் பார்த்துக்கொண்டேன்.

நான் அப்போது ஒரு மெஷின் கம்பெனியில் எரெக்‌ஷன் என்ஜினியர். கோயம்புத்தூரில் செய்து பெட்டி பெட்டியாக அனுப்பும் ரிங் ஃப்ரேம்களை வெளிநாட்டு மில்களில் கொண்டுபோய் நிறுத்தி, ஓடவிட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு திரும்புவது வேலை. பஞ்சு கடைசியாக முறுக்கேறி நூலாகிற மெஷின் அது; ஒவ்வொன்றும் ஒரு கல்யாண மண்டபத்தின் நீளம் இருக்கும். அந்த மில்லுக்குப் பன்னிரண்டு. பதினான்கு மாதம் அங்கே இருந்தேன். ரஷ்ய மொழியில் பாதியை ஸ்பானரோடும் பாதியைக் கேன்டீனிலும் கற்றுக்கொண்டேன்.

நூலின் தரத்தைச் சோதிக்கும் பிரிவுக்கு அங்கே ஒரு பெண்மணி தலைவி. என்னைவிட நான்கைந்து வயது மூத்தவர். எல்லோருக்கும் அவர் 'ஓபா'; அந்த ஊரில் அக்காவுக்கு அதுதான் சொல். என்னை 'உகா' என்பார், தம்பி என்று. மெஷினில் நூல் ஓடிக்கொண்டிருக்கும்போதே கட்டைவிரலை அதன்மேல் லேசாக வைத்து, "இந்தக் கதிர் தள்ளாடுகிறது" என்பார். கருவி வைத்துப் பார்த்தால், நூலைச் சுற்றும் அந்தக் கம்பி தள்ளாடும்.

மில் முன்பு அரசாங்கத்துடையது. பெரிய தேசம் உடைந்து தனித்தனி நாடுகளானபோது தொழிலாளர்களுக்கே பங்காகப் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். அதை அவர் ஒருநாள் டீ குடித்துக்கொண்டே எனக்குச் சொன்னார். எல்லோரையும் கேன்டீனுக்குக் கூப்பிட்டு ஆளுக்கொரு காகிதம் கொடுத்து, இனிமேல் நீங்கள்தான் முதலாளிகள் என்றார்களாம். எல்லோரும் சிரித்தார்களாம். அந்தக் குளிர்காலத்தில் சம்பளம் வரவில்லை. வாசலில் சில ஆட்கள் கோதுமை மாவு மூட்டையோடு நின்று, மூட்டைக்கு இத்தனை பங்கு என்று காகிதங்களை வாங்கிக்கொண்டு போனார்கள். அவர்கள் அரசாங்க காலத்திலிருந்தே இருந்த டைரக்டரின் ஆட்கள் என்பது வசந்தம் வந்த பிறகுதான் தெரிந்தது.

"நீங்கள் விற்கவில்லையா?" என்று கேட்டேன்.

"என் வீட்டில் உருளைக்கிழங்கு இருந்தது" என்றார்.

அவரிடம் பதினேழு பங்கு. மொத்தம் பல லட்சம்.

வருடாந்தரக் கூட்டம் ஒன்றை நானே பார்த்தேன். மில்லின் கலையரங்கத்தில் நடந்தது. மேடையில் அதே டைரக்டர் எதையோ படித்தார். கீழே கைகள் உயர்ந்தன. உயர்ந்த கைகளை யாரும் எண்ணவில்லை. வைத்த டீ ஆறுவதற்குள் கூட்டம் முடிந்துவிட்டது. பின்கட்டில் பெரிய அண்டாவில் ஆட்டுக்கறியும் கேரட்டும் போட்ட சோறு வெந்துகொண்டிருந்தது. எல்லோர் மூக்கும் அங்கேதான் இருந்தது, என்னுடையதும். ஓபா மட்டும் எழுந்து நின்று ஒரு கேள்வி இருக்கிறது என்றார். கேள்வி நேரம் முடிந்துவிட்டது என்று மேடையிலிருந்து பதில் வந்தது. அவர் உட்காரவில்லை. விளக்குகளை அணைத்துவிட்டார்கள். உள்ளதைச் சொல்வதென்றால், அன்றைக்கு எனக்கு அவர்மேல் மரியாதை வரவில்லை. பாவம், கொஞ்சம் விவரம் போதாது என்றுதான் நினைத்தேன். நாம் பார்க்காததா? நம் ஊரிலும் எத்தனை கம்பெனி அப்பன், மகன், மருமகள் என்று வீட்டுக்குள்ளேயே கூட்டம் போட்டு, அல்லது போட்டதாக எழுதி, நடந்துகொண்டிருக்கிறது!

அதன் பிறகு பல வருடங்கள். நான் வேலையிலிருந்து நின்று, கிணத்துக்கடவில் இருக்கும் எங்கள் தென்னந்தோப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். ஒரு காலை, ஓலையில் படிந்த வெள்ளை ஈக்குத் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக்கொண்டிருந்தபோது தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு. எடுத்தேன். "உகா" என்றது குரல். தண்ணீர் பைப்பைக் கீழே போட்டுவிட்டேன்.

அவர் சொன்னது இது. மூன்றாவது ஷிஃப்டை முதலில் நிறுத்தினார்கள். பிறகு இரண்டாவதை. ஒருநாள் நான் நிறுத்திய பன்னிரண்டு மெஷின்களும் தேய்ந்துபோய்விட்டன என்று அறிவித்து, உடைத்துப் பழைய இரும்பாக எடைக்குப் போட்டுவிட்டதாகக் கணக்குக் காட்டினார்கள். வாங்கிய கம்பெனி டைரக்டரின் மருமகனுடையது. ஆனால் ஓபா அன்று வாசலில் நின்று லாரிகளைப் பார்த்திருக்கிறார். பழைய இரும்பை யாரும் நனையாமல் தார்பாய் சுற்றி, மரப்பெட்டி அடித்து ஏற்ற மாட்டார்கள். அப்படியானால் மெஷின்கள் முழுசாக எங்கேயோ போகின்றன. எங்கே?

பழைய நூற்பு மெஷின்களுக்கு உலகத்தில் சந்தை எங்கெல்லாம் உண்டென்று அவருக்குத் தெரியும். துருக்கி, பாகிஸ்தான், வங்கதேசம், கோயம்புத்தூர். எட்டு மாதம், வேலை முடிந்து வந்து, யூடியூபில் பழைய மெஷின் வியாபாரிகள் போடும் வீடியோக்களை ஒவ்வொன்றாகப் பார்த்திருக்கிறார். ஒரு மொழியும் புரியாமல். கடைசியில் ஒரு தமிழ் வீடியோவில் படத்தை நிறுத்தினார். மெஷின் தலைப்பக்கத்துக் கதவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பச்சைத் திட்டு. பெயின்ட் உரிந்த இடத்தில், சாம்பல் நிறம் கிடைக்காமல், கேன்டீன் கதவுக்கு வாங்கிய பச்சையை எடுத்து அவரே பூசியது.

வீடியோவின் இணைப்பை அனுப்பினார். திறந்து பார்த்தேன். பேசுகிற ஆள் என்னோடு பாலிடெக்னிக்கில் மூன்று வருடம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். என் கல்யாணத்தில் பந்தி விசாரித்தவன்.

அடுத்த மாதம் ஓபா வந்து இறங்கினார். விமான நிலையத்தில் என்னைப் பார்த்ததும் மார்பில் கை வைத்துக் குனிந்து, தமிழில், "நல்ல கண்டிஷன்ல இருக்குதுங்க" என்றார். அந்த வீடியோக்களில் நூறு தடவை கேட்ட வாக்கியம். வணக்கம் மாதிரி ஏதோ ஒன்று என்று நினைத்திருக்கிறார். பக்கத்தில் நின்ற என் மனைவி, "கண்டிஷன்ல இல்லாம என்னுங்க, வாங்க வாங்க" என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போனாள். அன்று அரிசிம்பருப்புச் சாதம் செய்தாள். ஓபா இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

சாப்பிட்டு முடித்துக் கைப்பையைத் திறந்து காண்பித்தார். ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் பதினேழு பங்குக்கான காகிதம். அதனோடு இன்னும் பங்கை விற்காமல் வைத்திருந்த அறுபத்து மூன்று பேரின் கையெழுத்து, எங்களுக்கும் சேர்த்து இவர் கேட்பார் என்று. சிலர் கையெழுத்துக்குப் பதில் பெருவிரலை அழுத்தியிருந்தார்கள். விமான டிக்கெட்டும் அவர்கள் சேர்ந்து போட்டதுதான்.

"மெஷினைத் திரும்பக் கேட்கப் போகிறீர்களா?" என்றேன்.

"இல்லை. வாங்கியவர் என்ன செய்வார்? எனக்குக் காகிதம் வேண்டும். அவை இரும்பாகப் போகவில்லை, மெஷினாகப் போயின என்று சொல்லும் காகிதம். அதைக் கோர்ட்டில் வைப்பேன், கூட்டத்தில் படிப்பேன்."

நான் நண்பனுக்கு போன் செய்தேன். "மாப்ள, அந்த ரிங் ஃப்ரேமைப் பாக்கோணும், வெளிநாட்டுக்காரங்க ஒருத்தங்க வந்திருக்கறாங்க" என்றேன். அவன் அதை வியாபாரம் என்று எடுத்துக்கொண்டான். நான் திருத்தவில்லை. அந்த மௌனம் இன்னும் எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது.

சூலூர் தாண்டி அவனுடைய குடோன். தகரக் கூரையின் கீழே மெஷின்கள் வரிசையாக நின்றன. ஓபா என்னை விட்டுவிட்டு முன்னால் போனார். ஒவ்வொரு மெஷினின்மேலும் உள்ளங்கையை வைத்து நின்றார். பிறகு சொல்லத் தொடங்கினார், எனக்கோ தனக்கோ தெரியவில்லை. "இது இரட்டைக் குழந்தைக்காரி பார்த்தது. இது இடது கைக்காரியுடையது, இந்தப் பக்கம்தான் தேய்ந்திருக்கும் பார். இதில் நின்றவள் இப்போது மாஸ்கோவில் ரயில் நிலையம் கூட்டுகிறாள்." பன்னிரண்டுக்கும் சொன்னார். ஒன்றில்கூட நின்று யோசிக்கவில்லை. நான் அந்த மெஷின்களின் ஒவ்வொரு போல்ட்டையும் முறுக்கியவன். எனக்கு அவற்றில் ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

நண்பன் சிரித்துக்கொண்டே வந்தான். "துருக்கி லாட்டு மாப்ள. அப்புடியே ஓட்டத்துல கழட்டுனது. அம்மாவுக்கு எத்தன வேணுமாம்?"

நம்பர் தகடுகளைப் பிடுங்கியிருந்தார்கள். ரிவெட் அடித்த துளைகள் மட்டும் இருந்தன. ஆனால் மெஷினை நிறுத்தும்போது, கால்களை மாற்றிப் பூட்டிவிடக் கூடாதென்று ஒவ்வொரு வார்ப்பிரும்புக் காலின் உள்பக்கத்திலும் நாங்கள் நம்பர் குத்துவோம். அது வெளியே தெரியாது. நான் தரையில் உட்கார்ந்து, கழிவுப் பஞ்சால் கிரீஸைத் துடைத்தேன். நம்பர் வந்தது. அதிலிருந்த மூன்று ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. நம்பர் குத்தும் என்னுடைய பழைய பஞ்ச்சில் மூன்று எப்போதும் அப்படித்தான் விழும்.

"இது துருக்கி இல்ல மாப்ள" என்றேன். "இது நான் நிறுத்துன மெஷின்."

அவன் முகம் மாறியது. "நீ இப்ப யாருக்கு வேல பாக்கற?"

எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு அவனும் தன் பக்கத்தைச் சொன்னான். அவன் கெட்டவன் அல்ல. துபாயில் ஓர் இடைத்தரகர் துருக்கிச் சரக்கென்று சொன்னதை நம்பி வாங்கியிருக்கிறான். திருட்டுச் சரக்கென்று அவனுக்குத் தெரியாது. ஆனால் கஸ்டம்ஸுக்குக் காட்டிய விலை ஒன்று, உள்ளபடி கொடுத்த விலை வேறொன்று. அந்தக் காகிதம் வெளியே போனால் அவனும் மாட்டுவான்.

"ஊரே இப்புடித்தானப்பா பண்ணுது. போட்டோ வேணும்னா எடுத்துக்கங்க. பேப்பரெல்லாம் தர முடியாது" என்றான். நான் மொழிபெயர்த்தேன். ஓபா தலையசைத்தார். அவருக்கு அது புதிய பதில் அல்ல.

வெயில் ஏறியிருந்தது, இளநீர் சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்று மாடியிலிருந்த ஆபீசுக்குக் கூட்டிப்போனான். அங்கே அவன் மனைவி மேஜையில் ஒரு காகிதக் கட்டை வைத்துக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். கையெழுத்து விழ வேண்டிய இடங்களில் யாரோ மஞ்சள் துண்டுச் சீட்டு ஒட்டியிருந்தார்கள். அந்தக் கம்பெனி தொடங்கிய நாள் முதல் அவள் டைரக்டர். மாதம் இரண்டு தடவை வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுவாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள்.

"வாங்கண்ணா. அக்காவும் புள்ளைகளும் நல்லா இருக்கறாங்களா? இவங்க யாருங்க?"

அவளிடமும் சொன்னேன். அவன், "அது முடிஞ்சு போச்சு, விடு" என்றான். ஆனால் அவள் ஓபாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவங்களுக்கு அந்தக் கம்பெனில எத்தன பங்குன்னு கேளுங்கண்ணா."

கேட்டேன். "பதினேழு" என்று ஓபா விரல்களால் காட்டினார்.

"பதினேழு சதமா?"

"இல்லம்மணி. வெறும் பதினேழு. பல லட்சத்துல."

"அத வெச்சுட்டா இத்தன தூரம் வந்தாங்க? கேட்டா அங்க பதில் சொல்லுவாங்களாமா?"

ஓபா நிதானமாகப் பதில் சொன்னார். "ஒரே ஒரு பங்கு இருந்தாலும் கேட்கலாம் என்று சட்டத்தில் போட்டிருக்கிறது. அதை இருபது வருடத்துக்கு முன்பே படித்துவிட்டேன். ஒவ்வொரு கூட்டத்திலும் எழுந்து நின்றேன். பதில் சொல்லாதது அவர்கள் தப்பு. கேட்காமல் விட்டால் என் தப்பு."

அவள் பேனாவின் மூடியைப் போட்டாள். "என்ற பேர்ல இந்தக் கம்பெனில பாதி இருக்குதுங்கண்ணா" என்றாள். "அத இவங்களுக்குச் சொல்லுங்க."

சொன்னேன். ஓபா புருவத்தை உயர்த்தி, பெரிய மனுஷியைப் பார்ப்பதுபோல அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கேலி துளியும் இல்லை. அவள் முகம் சிவந்துவிட்டது. எழுந்து இரும்பு பீரோவைத் திறந்தாள். எந்த ஃபைல் என்று அவளுக்குத் தெரியவில்லை. நான்கைந்து எடுத்துப் பார்த்து ஒன்றைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள்.

"ஏம்புள்ள, இது உனக்கு வேண்டாத வேல" என்றான் அவன்.

"வேண்டாத வேலைன்னா என்னத்துக்குங்க இத்தனையிலயும் என்ற கையெழுத்து?"

அவன் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டான்.

அவள் முதல் பக்கத்திலிருந்து படித்தாள். புரியாத இடத்தில் நிறுத்தி அவனிடமே கேட்டாள். "இந்த வெலைக்கும் அந்த வெலைக்கும் ஏனுங்க இத்தன வித்தியாசம்?" அவன் முதலில் முணுமுணுத்தான். பிறகு, வேறு வழியில்லாமல், விளக்கமாகச் சொல்லத் தொடங்கினான். புருஷனும் பெண்டாட்டியும் தங்கள் கம்பெனியைப் பற்றி அப்படிப் பேசிக்கொள்வது அதுதான் முதல் தடவை என்று எனக்குத் தோன்றியது. அந்த அறையில் நானும் ஓபாவும் இருப்பதையே மறந்துவிட்டார்கள். ஒரு மணி நேரம் ஆனது. இளநீரை யாரும் தொடவில்லை.

படித்து முடித்ததும் அவள் சொன்னாள். "தப்புன்னா ஆடிட்டர கூப்புட்டு கட்ட வேண்டியதக் கட்டிப்போடலாமுங்க. நாளைக்கு எவனாவது வந்து கேட்டா, உள்ள போறது நானும்தானுங்களே. ஆனா இவங்க ஊருல இருக்கற அறுவது பேர்த்துக்கும் சேத்துக் கேக்க வந்திருக்கறாங்க. வெறுங்கையோட அனுப்ப எனக்கு மனசு வரல."

துபாய்க்காரனின் கடிதம் அந்த ஃபைலில் இருந்தது. பன்னிரண்டு மெஷின், ஓட்டத்தில் கழற்றியவை, பிடுங்கிய தகடுகளில் இருந்த ஒவ்வொன்றின் நம்பரும், உண்மையான விலையும். அவளே கீழே போய் நகல் எடுத்துவந்தாள். ஒவ்வொரு பக்கத்திலும் உண்மை நகல் என்று எழுதி, கம்பெனி முத்திரையைக் குத்தி, டைரக்டர் என்ற சொல்லுக்குமேல் கையெழுத்துப் போட்டாள். இந்தத் தடவை மஞ்சள் சீட்டு இல்லாமல், மெதுவாக. ஓபா எழுந்து அவளை இறுக்கி அணைத்து, முதுகில் தட்டிக்கொடுத்தார். நான் மெஷின் கால்களில் குத்திய நம்பர்களைப் படமெடுத்து, இவற்றை நிறுத்தியவன் நான்தான் என்று ஒரு நோட்டரி முன்னால் எழுதிக் கொடுத்தேன்.

ஓபாவை விமானம் ஏற்றிவிட்டு வந்தபோது, இதெல்லாம் பெரிய மனிதர்கள் விளையாட்டு, ஒன்றும் நடக்காது என்றுதான் நினைத்தேன். நான் நினைத்தது சரியாக இல்லை. அந்த நாட்டில் ஒரு நீதிபதி காகிதங்களைப் படித்தார். மெஷின்களை எடைக்குப் போட அனுமதித்த கூட்டமே செல்லாது என்றார். டைரக்டர் உடல்நிலை காரணமாக விலகினார். ஜெயிலுக்கெல்லாம் போகவில்லை, மருமகனிடமிருந்து மில்லுக்கு வர வேண்டியது இன்னும் வழக்கில் இழுத்துக்கொண்டிருக்கிறது. மெஷின்களும் திரும்பிப் போகவில்லை, உடுமலைப் பக்கத்து மில்களில் ஓடுகின்றன. ஆனால் மேற்பார்வைக் குழுவில் தொழிலாளிகளுக்கு ஓர் இடம் கொடுக்க வேண்டி வந்தது. அதில் ஓபா உட்கார்ந்திருக்கிறார். முதல் கூட்டத்தின் படத்தை அனுப்பியிருந்தார்: நீளமான மேஜை, கோட்டுப் போட்ட ஆண்கள், நடுவில் பூப்போட்ட தலைத்துணியோடு அவர். நான் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். கூட்டத்தில் அன்று என்ன கேட்டீர்கள் என்று விசாரித்தேன். "எல்லாவற்றையும்" என்றார்.

நண்பன் ஆடிட்டரோடு போய், விலை வித்தியாசத்துக்கான வரியையும் அபராதத்தையும் கட்டினான். மூன்று மாதம் என்னோடு பேசவில்லை. பிறகு அவனே பேசினான். "வாராவாரம் வந்து உக்காந்து ஃபைலப் பிரிச்சுப் படிக்கறா மாப்ள. ஒரு கையெழுத்துக்கு ஒம்போது கேள்வி" என்று அலுத்துக்கொண்டான். அதே மூச்சில், பல்லடத்து மில்காரர் ஒருவர் ஏமாற்றப் பார்த்ததை அவள்தான் கண்டுபிடித்தாள் என்பதையும் சொன்னான்.

போன வாரம் ஓபா கூப்பிட்டார். காலியாகக் கிடக்கும் ஹாலுக்கு ஆறு புதிய மெஷின் வாங்கக் குழு முடிவு செய்திருக்கிறதாம். அவை சரியாக நிற்கின்றனவா என்று குழுவின் சார்பில் பார்த்துக் கையெழுத்துப் போட ஓர் ஆள் வேண்டும். உன் பெயரைச் சொன்னேன், ஓட்டெடுப்பில் வந்துவிட்டது என்றார். எனக்கு அறுபத்து நான்கு வயது, முழங்கால் மடங்குவதில்லை என்றேன். மடங்குகிற முழங்கால்கள் இங்கே நிறைய இருக்கின்றன, நீ பார்த்தால் போதும் என்றார்.

பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கக் கொடுத்திருக்கிறேன். வெள்ளை ஈக்குத் தண்ணீர் அடிக்கும் வேலையை என் மனைவி எடுத்துக்கொண்டாள்.